இனாமா, கூலியா?

கடைக்கு மக்கள் போன காலம் மாறி, மக்களைத் தேடிக் கடை வருகிற காலம் பிறந்திருக்கிறது. கைப்பேசியை எடுத்து விரலால் தொட்டால் கடுகு வருகிறது, கத்தரிக்காய் வருகிறது, ஐந்து கிலோ அரிசிப் பை வருகிறது. வாசலில் வண்டி நிற்கிறது, மணி அடிக்கிறது, பொருள் கைக்கு வந்துவிடுகிறது. வளர்ச்சி என்கிறார்கள். வளர்ச்சிதான், நாம் மறுக்கவில்லை. மாடி இறங்க முடியாத முதியவருக்கும், கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய்க்கும், இரவு முறை முடித்துவிட்டு வந்து அடித்துப் போட்டாற்போல் உறங்கும் தொழிலாளிக்கும் பொருள் வாசலுக்கே வருவது நல்லதுதான். வசதியை வைது பயனில்லை.

ஆனால், அரிசிப் பைக்குக் கால் முளைக்கவில்லை! அது தானாக நடந்து வரவில்லை! ஒருவர் அதை எடுத்து, எடை பார்த்து, பையில் இட்டு, வெயிலில் சுமந்து, படியேறி வந்து தருகிறார். அவருக்குக் கூலி தருவது யார்? கடைக்காரரா, கம்பெனியா, அல்லது கதவைத் திறக்கும் நாமா? கதவருகே நின்று பத்து ரூபாயை எடுப்பதா வேண்டாமா என்று தயங்குகிறோமே, அந்த ஒரு நொடித் தயக்கத்துக்குள் ஒரு பெரிய பொருளாதாரமே ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இன்று சற்று விரித்துப் பார்க்க எண்ணுகிறோம்.

வேங்கிக்காலையே எடுத்துக்கொள்வோம். 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வேங்கிக்காலில் அமைந்தது. ஏரியும் அதையொட்டிய நிலமுமாக இருந்த ஊருக்கு அலுவலர் வந்தனர், அவர்கள் பின்னே வாடகை வீடு வந்தது, மாடி வீடு வந்தது, மளிகைக் கடை வந்தது. காலையில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் வேலைக்கு ஓடுகிற குடும்பங்கள் பெருகின. கடைக்குப் போக நேரமில்லை. சாமான் சீட்டை எழுதிப் பையனிடம் கொடுத்தனுப்பிய வழக்கம் போய், அதே சீட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற வழக்கம் வந்தது. மாலையில் அலுவலகம் விட்டுத் திரும்புகிறவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, கட்டி வைத்த பையை வாங்கிக்கொண்டு போகிறார். முடியாதவர் வீட்டுக்குக் கடைப் பையன் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை வைத்துக் கொண்டுவந்து இறக்குகிறான்.

கடைப் பையன் என்றோம். பையனா அவர்? நாற்பது வயதைக் கடந்து, மகளுக்கு மணமுடித்தவரும் கடைப் பையன்தான்! வயது ஏறினாலும் பட்டம் ஏறுவதில்லை. இதைப்பற்றிப் பின்னர் சொல்லுகிறோம்.

இந்தப் பழக்கம் திடுமென வந்ததும் அன்று. 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் தமிழகமே கதவடைத்துக் கிடந்தபோது, மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு வந்தது. காய்கறி வண்டிகள் தெருத் தெருவாகச் சென்றன. அதன்பின் மளிகைக் கடைக்காரர்கள் தொலைபேசியில் சீட்டு வாங்கி, காலை 7 மணி முதல் மாலை 6 மணிக்குள் வீடுகளுக்கே கொண்டுபோய்த் தரலாம் என்று அரசு அனுமதித்தது. ஊரே வீட்டுக்குள் இருந்தது, மூட்டை தூக்கியவர் மட்டும் தெருவில் இருந்தார். நோயைக் கண்டு நாமெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த வேளையில் நம் வீட்டுப் படிக்கட்டில் பருப்பை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று, 'அண்ணா, எடுத்துக்கோங்க' என்றாரே அவருக்கு அன்று எவ்வளவு கொடுத்தோம் என்று ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். கைதட்டினோம், விளக்கேற்றினோம்! அவர் வாங்கிய கூலி மட்டும் பழைய கூலியாகவே இருந்தது.

இனி, அந்தப் பத்து ரூபாய்க்கு வருவோம்.

ஆங்கிலத்தில் அதற்கு டிப்ஸ் என்று பெயர். நம்மூரில் டீ காசு. நல்ல நாளில் இனாம். பெயர் எதுவானாலும், பொருள் ஒன்றுதான்: கொடுப்பவன் மனம் வைத்தால் உண்டு, மனம் வைக்காவிட்டால் இல்லை. கூலி அப்படியா? வேலை செய்தான், கொடுத்தே தீரவேண்டும். கொடுக்காவிட்டால் கேட்கலாம், கேட்டும் தராவிட்டால் வழக்காடலாம். இனாமுக்கு வழக்கு உண்டா? 'ஐயா, நேற்று நீங்கள் டீ காசு தரவில்லை' என்று எந்த நீதிமன்றத்தில் சொல்ல முடியும்?

பண்ணையார் காலத்தில் இந்த வித்தை நன்றாகத் தெரிந்திருந்தது. களத்தில் அளக்கிற படியில் ஒரு பிடியைக் குறைப்பார்கள். பொங்கல் வந்தால் வேட்டியும் துண்டும் கொடுத்து, 'பண்ணையார் தாராளம்' என்று பேரெடுப்பார்கள். குறைத்த பிடியைக் கூட்டிப் பார்த்தால் அந்த வேட்டியை எத்தனை வாங்கலாம் என்று கணக்குப் பார்க்க யாரும் இல்லை. பார்த்தவன் பண்ணையில் இல்லை!

ஆலைத் தொழிலாளிக்குத் தீபாவளி இனாம் என்று முதலாளிகள் விட்டெறிந்ததை, போனஸ் என்ற உரிமையாக மாற்றியது யார்? முதலாளி மனம் கனிந்தா மாற்றினார்? கொடி பிடித்து, கதவடைப்பைத் தாங்கி, கஞ்சிக்கில்லாமல் கிடந்து, வழக்காடி வழக்காடித் தொழிலாளி மாற்றினான். 1965-இல் போனஸ் சட்டம் வந்தது. இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று ஒரு கீழ்வரம்பு கட்டப்பட்டது. தொடக்கத்தில் 4 சதவீதம் என்றிருந்தது பின்னர் 8.33 சதவீதம் ஆயிற்று. அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். இனாமாக இருந்தது உரிமையாயிற்று, குனிந்து வாங்கியதை நிமிர்ந்து வாங்கினான் தொழிலாளி. இன்றைக்கு நம் கண்ணெதிரே அந்தச் சக்கரம் பின்னோக்கி உருள்கிறதே என்பதுதான் நம் கவலை. கூலியாக இருக்கவேண்டியதை மறுபடியும் இனாமாக மாற்றுகிறார்கள். அதுவும் முதலாளி கையால் அல்ல, நம் கையால்!

எரிவாயு உருளையைப் பாருங்கள். நம் ஊர்களில் வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்து தருகிற வேலைகளில் எல்லாரும் அறிந்தது அதுதான். 14.2 கிலோ வாயு, அதோடு இரும்பின் எடையும் சேர்ந்து அதைப் போல இரு மடங்குக்குக் குறையாது. அதைத் தோளில் வைத்து இரண்டு மாடி ஏறுகிறார் ஒரு தொழிலாளி. பில்லில் உள்ளதற்கு மேல் 30 என்கிறார், 50 என்கிறார். வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார், சண்டை போடுகிறார், புகார் எழுதுகிறார். இந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. உண்மை என்ன? வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற கட்டணம் உருளையின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நீங்களே கிடங்குக்குப் போய் எடுத்துக்கொண்டால் அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு கொடுக்கவேண்டும் என்பது விதி. எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை ஏஜென்சிகள் இதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கின்றன?

ஆக, நாம் ஒருமுறை கொடுத்துவிட்டோம். அந்தப் பணம் ஏஜென்சிக்குப் போகிறது. அது சுமந்தவர் கைக்கு முழுதாகச் சேர்ந்தால் அவர் ஏன் வாசலில் நின்று 50 ரூபாய்க்கு வாய்ச்சண்டை போடப் போகிறார்? 'போகிற இடத்தில் வாங்கிக்கொள்' என்று சொல்லாமல் சொல்லி அனுப்புகிற முதலாளி கடையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நடப்பதோ ஏழைக்கும் ஏழைக்கும் சண்டை! மாதம் 15,000 சம்பாதிக்கிறவர், அதையும் சம்பாதிக்காதவரைத் திட்டுகிறார். பார்க்க வேடிக்கைதான், பங்கு வாங்கினவருக்கு.

இப்போது செயலிகள் வந்திருக்கின்றன. உணவைக் கொண்டுவருவது ஒன்று, மளிகையைக் கொண்டுவருவது ஒன்று, பத்தே நிமிடத்தில் கொண்டுவருவோம் என்று மார்தட்டிப் பெருநகரங்களில் கடை விரித்தவை சில. அங்கே வேலை செய்கிறவரைத் தொழிலாளி என்று சொல்லமாட்டார்கள். 'டெலிவரி பார்ட்னர்' என்பார்கள். பார்ட்னர் என்றால் தமிழில் என்ன? பங்காளி! நம்மூரில் பங்காளி என்றால் சொத்தில் பங்கு உள்ளவன். வரப்புத் தகராறுக்கும் அவன்தான், வாய்க்கால் பங்குக்கும் அவன்தான். கம்பெனியின் இந்தப் பங்காளிக்கு எதில் பங்கு? இலாபத்திலா? இல்லை. பங்குச் சந்தையில் ஏறுகிற விலையிலா? இல்லை. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, கைப்பேசி அவருடையது, கீழே விழுந்தால் உடைகிற எலும்பும் அவருடையது. கம்பெனியுடையது என்னவென்றால், சட்டையும் பையும் செயலியும், அதன் கணக்கும்! அந்தச் சட்டைக்கும் பைக்கும்கூடப் பல இடங்களில் அவரிடமே பணம் பிடிக்கப்படுகிறது.

பார்ட்னர் என்ற சொல்லை அன்பினால் சூட்டியதாக எண்ணிவிட வேண்டாம். அது சட்டத்தைத் தாண்டுவதற்குச் செய்த ஏணி. தொழிலாளி என்றால் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும், போனஸ் தரவேண்டும், வருங்கால வைப்பு நிதி கட்டவேண்டும், வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும். பங்காளிக்கு இவை ஒன்றும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைப் பற்றிப் பேசுகிறது, உண்மை. அது பேசும்போதே, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றுதான் வரையறுக்கிறது. வேலியைப் போட்டுவிட்டு, வெளியே நிற்பவனுக்குக் கஞ்சி ஊற்றுகிற ஏற்பாடு அது. கஞ்சியை நாம் குறை சொல்லவில்லை, வேலியைத்தான் சொல்லுகிறோம்.

2023 ஏப்ரலில் தில்லி வட்டாரத்தில் பிளிங்கிட் மளிகைச் செயலியின் தொழிலாளர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் 25 ரூபாய் என்றிருந்த அடிப்படைக் கூலி 15 ரூபாயாகக் குறைந்தது என்பது அவர்கள் குறை. தூரத்துக்கேற்பக் கூடும் என்று விளக்கம் சொல்லப்பட்டது. கிடங்குகள் பல மூடிக் கிடந்தன. பேரம் பேச மேசை உண்டா, எதிரே உட்கார மேலாளர் உண்டா என்றால், இல்லை. காலையில் செயலியைத் திறந்தார்கள், கூலி மாறியிருந்தது! ஆலையில் கூலியைக் குறைக்க வேண்டுமென்றால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளாவது ஒட்டவேண்டும். இங்கே அதுவும் வேண்டாம்.

சரி, கூலி குறைந்தால் என்ன, வாடிக்கையாளர்கள் டிப்ஸ் தருகிறார்களே என்று சமாதானம் சொல்லுவோர் உண்டு. செயலியிலேயே அதற்கொரு பெட்டி இருக்கிறது. 20 ரூபாய், 30 ரூபாய் என்று கட்டம் கட்டி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டு வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் தொடுகிறார்கள்? நாம் சொன்னால் மிகை என்பார்கள். அவர்கள் வாயாலேயே கேட்போம். சொமாட்டோ, பிளிங்கிட் இரண்டுக்கும் தாய் நிறுவனமான எடர்னலின் அப்போதைய தலைமை அதிகாரி தீபிந்தர் கோயல் 2026 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு கணக்கை வெளியிட்டார். 2025-இல் சொமாட்டோவில் டிப்ஸ் நீங்கலாக மணிக்குச் சராசரி வருவாய் 102 ரூபாய். டிப்ஸ் மணிக்கு 2 ரூபாய் 60 காசு. உணவு கொண்டுபோகும் நூறு நடையில் ஏறத்தாழ ஐந்துக்கு டிப்ஸ் கிடைக்கிறது. மளிகை கொண்டுபோகும் பிளிங்கிட்டில் நூற்றுக்கு இரண்டரை!

நூற்றுக்கு இரண்டரை, தோழர்களே! நாற்பது வீட்டு வாசலில் மணி அடித்தால் ஒரு வீட்டில் ஏதோ கிடைக்கும். பிரியாணிக்கு ஐந்து பேர் இரங்குகிற இடத்தில், பருப்புக்கும் பாலுக்கும் இரண்டரைப் பேர்தான் இரங்குகிறார்கள். காரணம் கூறுவது கடினம் அன்று. பிரியாணி விருந்து, மனம் நிறைந்திருக்கிறது. மளிகை கடமை, கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறது. ஆனால் பிரியாணிப் பொட்டலத்தைக் காட்டிலும் பத்து கிலோ ஆட்டா மாவும் ஐந்து லிட்டர் எண்ணெயும் கனமானவை. சுமை ஏறுகிற இடத்தில் இரக்கம் இறங்குகிறது! அதே கணக்கில் இன்னொன்றும் கண்டார்கள்: நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் உழைத்தால் 26,500 ரூபாய் வரும், எரிபொருளும் வண்டிப் பராமரிப்பும் போக 21,000 நிற்கும் என்றார் கோயல். பத்து மணி நேரம் என்பதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். எட்டு மணி நேரத்துக்காக 1887-இல் சிகாகோவில் தூக்கு மேடை ஏறினார்கள். அந்தப் பழைய கதை நம் தோழர்களுக்குத் தெரியும்.

டிப்ஸைக் கூலியாக நம்பிய நாட்டில் என்ன நடந்தது என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கேதான் இந்த மளிகைச் செயலி வணிகம் முதலில் கொழுத்தது. கடைக்குள் நுழைந்து உங்கள் சீட்டைப் பார்த்துத் தக்காளியைப் பொறுக்கி எடுப்பதும் அவர், வரிசையில் நிற்பதும் அவர், கொண்டுவருவதும் அவர். 2012-இல் தொடங்கிய இன்ஸ்டாகார்ட் நிறுவனம் 2018 இறுதியில் ஒரு புதுக் கணக்குப் போட்டது. ஒரு நடைக்கு இவ்வளவு உறுதி என்று சொல்லும், வாடிக்கையாளர் தந்த டிப்ஸையும் அந்த உறுதிக்குள்ளேயே சேர்த்துக் கழித்துக்கொள்ளும்! ஒரு தொழிலாளிக்கு வாடிக்கையாளர் 10 டாலர் டிப்ஸ் தந்தார், நிறுவனம் தந்த கூலி 80 சென்ட். அதாவது ஒரு டாலர்கூட இல்லை! வாடிக்கையாளர் தொழிலாளிக்குத் தருவதாக எண்ணி முதலாளிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தார். செய்தி வெடித்தது. தொழிலாளர் கூச்சலிட்டனர். 2019 பிப்ரவரியில் நிறுவனம் பின்வாங்கியது.

தனியொரு கம்பெனியின் குணம் என்று விட்டுவிட முடியுமா? டோர்டாஷ் நிறுவனமும் டிப்ஸைக் கூலியில் கழித்தது. 2017 முதல் 2019 வரை நடந்ததற்காக நியூயார்க் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் 1 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அமேசான் ஃபிளெக்ஸ் ஓட்டுநர்களுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டதாக மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்ட, 2021 பிப்ரவரியில் 6 கோடியே 17 லட்சம் டாலரைத் திருப்பித் தர அமேசான் இசைந்தது. டீ காசிலும் கை வைத்தார்களே என்று நம்மூரில் ஒரு சொல் உண்டு, அது இங்கே சொல்லளவில் நிற்கவில்லை!

கொரோனா வேளையில் இன்னொரு கூத்தும் நடந்தது. நடையைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று 50 டாலர் டிப்ஸ் என்று போட்டுவிட்டு, பொருள் வந்து சேர்ந்ததும் அதைப் பூச்சியமாக மாற்றிய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தூண்டிலில் புழு! பெருந்தொற்றில் உயிரைப் பணயம் வைத்துப் போனவர் மீன்! டிப்ஸை மாற்ற மூன்று நாள் வரை இருந்த அவகாசத்தை 2020 ஜூனில் ஒரு நாளாகக் குறைத்தது இன்ஸ்டாகார்ட். கம்பெனி மட்டுந்தான் கொடுமை செய்யும், வாடிக்கையாளர் எல்லாம் வள்ளல் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். கொடுக்கவும் கொடுக்காமலிருக்கவும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் அவர் அதை எப்படியும் பயன்படுத்துவார்.

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. அமெரிக்க இரயில்களில் புல்மன் கம்பெனியின் உறங்கும் பெட்டிகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் படுக்கை விரித்தார்கள், பெட்டி தூக்கினார்கள், காலணி துடைத்தார்கள். கம்பெனி தந்த கூலி சொற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் சிரித்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லாருக்கும் பயணிகள் வைத்த பெயர் ஒன்றே – ஜார்ஜ். ஏன் ஜார்ஜ்? முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன்! அடிமைக்கு ஆண்டானின் பெயரைச் சூட்டுகிற பழைய வழக்கத்தின் மிச்சம் அது. 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937-இல் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது.

நம் வீட்டு வாசலில் என்ன சொல்லுகிறோம்? 'ஸ்விக்கி வந்திருக்கான் பாரு.' 'அமேசான் கீழே நிக்குது.' நிக்குது! ஆளுக்குப் பெயர் இல்லை, முதலாளியின் பெயரே அவர் பெயர். கடைப் பையனுக்கு வயது ஏறினாலும் பட்டம் மாறுவதில்லை என்று மேலே சொன்னோமே, அதுவும் இதுவும் ஒரே மரத்துக் கிளைகள். பெருநகர அடுக்குமாடிகளில் சில இடங்களில் லிஃப்டில் ஏறாதே, பின்படியில் போ என்று பலகை வைத்திருப்பதாகப் படிக்கிறோம். தெருவில் நடக்காதே, குளத்தில் இறங்காதே என்ற பலகைகளை உடைத்த மண் இது! இருபது ரூபாய் டிப்ஸ் கொடுத்துவிட்டு 'அவன்', 'இவன்' என்பதைக் காட்டிலும், ஒரு காசும் கொடுக்காமல் 'வாங்க தம்பி, தண்ணி குடிங்க' என்பது எவ்வளவோ மேல் என்பது நம் எண்ணம். இரண்டும் செய்தால் இன்னும் மேல்.

வாடகைக் கார் செயலிகளில் இன்னும் ஓர் அடி முன்னே போனார்கள். வண்டி வருமுன்பே டிப்ஸைப் போடு, அப்போது வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள். 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி இது முறையற்றது, சுரண்டல் என்று கண்டித்தார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபரிடம் விளக்கம் கேட்டது. வேலைக்குப் பின் மகிழ்ந்து தருவது இனாம். வேலைக்கு முன் கேட்டு வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு, அது அலுவலகங்களில் மேசைக்கடியில் நடமாடும் பெயர்!

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்கிறது, ஆமை வேகத்தில். 2023-இல் இராஜஸ்தான் இந்நாட்டிலேயே முதன்முதலாக இவர்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2025-இல் கர்நாடகம் இயற்றியது. அங்கே ஒவ்வொரு நடைக்கும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதியாகக் கம்பெனியிடம் பெற வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் இவர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைந்தது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலைக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னையில் குளிர்வசதியுள்ள ஓய்வறைகள் 2025-இல் திறக்கப்பட்டன. மத்தியச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, ஐந்தாண்டு உறங்கி, 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தரவேண்டும், அது தொழிலாளர்க்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் பல நகரங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த மாதமே மத்தியத் தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா கம்பெனிகளோடு பேச, பத்து நிமிட விளம்பரத்தை பிளிங்கிட் எடுத்துவிட்டது. பத்து நிமிடம் விளம்பரத்திலிருந்துதான் போயிற்று, கைப்பேசிக்குள் ஓடுகிற கடிகாரத்திலிருந்தும் போயிற்றா என்பதை வண்டி ஓட்டுகிறவர்தான் சொல்லவேண்டும்.

இவற்றில் நிதி உண்டு, மானியம் உண்டு, ஓய்வறை உண்டு. ஒரு நடைக்குக் குறைந்தது இவ்வளவு கூலி என்ற ஒரு வரி மட்டும் எதிலும் இல்லை! நியூயார்க் நகரம் அந்த வரியை எழுதியது. உணவு கொண்டுபோகிறவருக்கு மணிக்கு இவ்வளவு என்று 2023 டிசம்பரில் கட்டாயமாக்கியது. முதலில் 17 டாலர் 96 சென்ட், 2025 ஏப்ரலில் 21 டாலர் 44 சென்ட். உடனே கம்பெனிகள் செய்தது என்ன தெரியுமா? டிப்ஸ் பெட்டியைப் பணம் கட்டுகிற பக்கத்திலிருந்து எடுத்து, பொருள் வந்து சேர்ந்த பின்னால் தோன்றும்படி மறைத்து வைத்தன. டிப்ஸ் சரிந்தது. அதுவரை 'எங்கள் பார்ட்னர்களுக்கு மனமுவந்து தாருங்கள்' என்று உருகினவர்கள்தாம்! தாங்கள் கூலி தரவேண்டி வந்ததும் அந்த உருக்கம் உறைந்துவிட்டது. டிப்ஸ் பெட்டி யாருக்காக வைக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

'இவ்வளவு கூலி தந்தால் பொருள் விலை ஏறும், வாடிக்கையாளர் ஓடிவிடுவார், இருக்கிற வேலையும் போகும்' என்பார்கள். இந்தப் பல்லவியை நாம் புதிதாகக் கேட்கவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் பாடினார்கள், போனஸ் கேட்டபோதும் பாடினார்கள். கடைகளில் நாள் முழுதும் நிற்கிற பெண்களும் ஆண்களும் உட்கார ஒரு நாற்காலி கேட்டபோதுகூடச் சிலர் முகம் சுளித்தார்கள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி நாற்காலியைக் கட்டாயமாக்கிய பின் எந்தத் துணிக்கடை நாற்காலியால் மூழ்கிற்று? விலை சற்று ஏறத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. இலவச டெலிவரி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. யாரோ ஒருவர் முதுகு அதற்கு விலை தந்துகொண்டிருக்கிறது. அந்த விலை பில்லில் ஏறட்டும் என்கிறோம்.

ஏற முடியுமா என்பதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டம் என்ற பெயரில் 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நியாய விலைக் கடைப் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசென்று தரும் ஏற்பாடு தமிழகத்தில் தொடங்கப்பட்டது. 34,809 கடைகள் வழியாக ஏறத்தாழ 21 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு என்று திட்டம். இதற்கான கூடுதல் செலவு 30 கோடியே 16 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு ஒதுக்கினார்கள். அரிசி கொண்டுவருகிறவர் சம்பளக்காரர். மூதாட்டி அவருக்கு டீ காசு தரவேண்டியதில்லை. தர விரும்பினால் மோர் தரலாம். வாசலுக்கு வருகிற செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, தருகிறவரே அதை ஏற்பது – நாம் கேட்பதெல்லாம் இதைத்தான். 34,809 கடைக்குக் கணக்குப் போட முடிந்தால் நம் ஊர்க் கடைத்தெருவுக்கும் போட முடியும்.

அப்படியானால் டிப்ஸ் கொடுப்பதா, வேண்டாமா? தோழர்கள் நம்மை இப்படி நேராகக் கேட்பார்கள். கொடுங்கள்! கூலி ஒழுங்காகும் வரை கொடுங்கள். கொள்கை பேசிக்கொண்டு கையை மூடிக்கொள்வது கஞ்சத்தனத்துக்குக் கொடி கட்டுவதாகும். முடிந்தால் கையில் கொடுங்கள். செயலி வழியே போடுவது முழுதும் அவருக்கே போகிறது என்று கம்பெனிகள் சொல்லுகின்றன, இருக்கலாம். கையில் கொடுத்தால் அந்தக் கேள்வியே இல்லை. மாதம் 12,000 வாங்கும் தோழரால் ஒவ்வொரு முறையும் 20 கொடுக்க முடியாது, அதற்காக அவர் வெட்கப்படவும் வேண்டாம். ஐந்து நட்சத்திரத்தைக் கொடுங்கள், அதற்குக் காசில்லை. பால் பாக்கெட் நசுங்கியதற்காக ஒரு நட்சத்திரம் போடுகிறவர், அந்த ஒரு நட்சத்திரம் அவருடைய மறுநாள் வேலையில் கை வைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குங்கள், கீழே இறங்கி வாருங்கள். முன்கூட்டிப் பணம் கட்டிவிட்டு வாசலில் காக்க வைக்காதீர்கள்.

வேங்கிக்கால் தோழர்களுக்குக் குறிப்பாகச் சில சொல்லவேண்டும். நம் ஊர் மற்ற ஊர்களைப் போன்றதன்று. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இலட்சக்கணக்கில் மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள், கார்த்திகைத் தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். சாலைகள் அடைக்கப்படுகின்றன, வண்டிகள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. இரண்டு கிலோமீட்டரில் முடியவேண்டிய நடை சுற்றிச் சுற்றி ஏழு, எட்டு ஆகிறது. சுற்றிய தூரத்துக்குப் பெட்ரோல் யார் தருவது? 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையே சரிந்து ஏழு உயிரைக் கொண்டுபோன ஊர் இது. அப்படிப்பட்ட மழையில் ஒருவரை மாவுப் பாக்கெட்டுக்காக வரவழைக்காமல் இருப்பதே பெரிய டிப்ஸ்.

கடைத்தெரு வணிகர்களோடு நம் தோழர்கள் உட்கார்ந்து பேசவேண்டும். அவர்கள் நமக்குப் பகைவர் அல்லர், பெருங்கம்பெனிகளின் படையெடுப்பில் அவர்களும்தான் நெருக்கடியில் நிற்கிறார்கள். கேட்கவேண்டியது சிறிது. வீட்டுக்குக் கொண்டுபோகும் பில்லில் சுமைக்கூலி என்று தனி வரி இருக்கட்டும். அது முழுதும் கொண்டுபோனவருக்குச் சேரட்டும். மூன்று மாடிக்கு மேல் ஒரு தொகை, பௌர்ணமி நாளில் ஒரு தொகை என்று எழுதி ஒட்டட்டும். கடைக்கே வந்து வாங்கிப் போகிறவருக்கு அந்த வரி வேண்டாம். செயலியில் ஓடுகிற இளைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று தெருத்தெருவாகக் கேட்கவேண்டும். பலருக்கு அப்படியொரு வாரியம் இருப்பதே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு, ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் கொண்டுவரச் சொல்லி, தொழிலாளர் துறை இணையதளத்தில் நாமே பதிந்து கொடுக்கலாம்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைகேட்பு நடக்கிறது. வேலூர் சாலையில் அந்த அலுவலகத்துக்கு எதிரிலோ அருகிலோ, கூரையும் குடிநீரும் கழிப்பிடமும் கைப்பேசிக்கு மின் இணைப்பும் உள்ள ஒரு கொட்டகை வேண்டுமென்று மனு எழுதுங்கள். பெண்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதை மனுவில் மறவாமல் எழுதுங்கள். சென்னை மாநகராட்சி கட்டியதைத் திருவண்ணாமலை மாநகராட்சியும் கட்டலாம், 2024 முதல் அதுவும் மாநகராட்சிதான். மனுவை நாம் எழுதினாலும் அதில் முதல் கையெழுத்து வண்டி ஓட்டுகிறவர்களுடையதாக இருக்கட்டும்.